பதினேழாம் வாரத் தரவரிசை

மழை விட்டிருக்கிறது.
ஜமாலியா பக்கம் கரண்ட் இன்னும் வரவில்லை.
கைபேசியில் இருபத்திரண்டு சதவீதம்,
அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.
பாதி சீசனில் எட்டு அணிகளையும் வரிசையில் நிறுத்தி
ஆளுக்கு நாலு வரி திட்டுவது என் வேலை.
ஆகஸ்டில், பெரம்பூர் புரோட்டாக்கடை மாடியில்
ஏலம் முடிந்த ராத்திரியே தலையில் கட்டிவிட்டார்கள்.
எனக்குத்தான் தமிழில் தட்டச்சு வருமாம்.

முதலிடம் ரெஹானா.
வங்கியில் கடன் பிரிவு. ஆட்டமே பார்ப்பதில்லை.
யாருக்குத் தொடை இழுத்திருக்கிறது,
யாருக்கு அடுத்த வாரம் நோஞ்சான் எதிரி,
எல்லாம் ஒரு நோட்டில், வட்டிக் கணக்கு மாதிரி.
ஆஃப்சைடு என்றால் என்னவென்று
போன மாதம்தான் கேட்டாள்.
அறுபத்தொரு புள்ளி முன்னால் நிற்கிறாள்.
சொல்ல ஒன்றுமில்லை. வயிறு எரிகிறது.

இரண்டாமிடத்தில் ஆளே இல்லாத அணி.
ஸ்டனிஸ்லாஸுக்கு செப்டம்பரில் இரட்டைக் குழந்தைகள்.
மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை,
கடவுச்சொல்லும் மறந்துபோச்சாம்.
சனிக்கிழமைதோறும் மாற்றி மாற்றி
நாங்கள் கெடுத்துக்கொண்டதை
அவன் பால்புட்டி கழுவியே காப்பாற்றிவிட்டான்.

மூன்று, கோதண்டபாணி.
போன வருட சாம்பியன். கோப்பையை
(கைப்பிடி ஒட்டவைத்த எவர்சில்வர் டம்ளர்தான்)
இன்னும் திருப்பித் தரவில்லை.
இதற்கு மேல் அவனைப் பற்றி எழுதமாட்டேன்.

நாலும் ஐந்தும் ஒரே வீடு.
பைரவியும் மகிழ்நனும்
ஒரே கட்டிலில் முதுகு காட்டிப் படுத்து
திரையின் வெளிச்சத்தைப் போர்வையால் மறைத்தபடி
ஆள் மாற்றுகிறார்கள்.
அவள் குறித்து வைத்திருந்த கோல்கீப்பரை
இவன் ஏலத்தில் தூக்கினான்.
அன்றிலிருந்து ஆபீசுக்குத் தனித்தனி வண்டி.
இடைவெளி இரண்டு புள்ளி.
யார் நாலு, யார் ஐந்து என்று
நான் சொல்வதாக இல்லை.

ஆறு, நான்.
பெனால்டியை வானத்துக்கு அடித்தவனுக்கு
கேப்டன் பட்டை கட்டியவன்.
இரண்டு தடவை. அதே ஆளுக்கு.

ஏழு, யாசர்.
பதினொரு பேரும் ஒரே கிளப்.
பக்திக்குப் புள்ளி கிடையாது, யாசர்.

எட்டு.
இதை எழுத உட்கார்ந்தே
சார்ஜ் பதினொன்றாகிவிட்டது.
குணாளன் அண்ணன்.
எங்களில் பந்தை நிஜமாய் உதைத்தவர் அவர் ஒருவர்தான்.
வியாசர்பாடி மண்ணில் தொடங்கி ஜூனியர் மாநில அணி வரை,
பிறகு ரயில்வே தேர்வுக்கு முந்தின வாரம்
வலது முட்டி.
இப்போது மாதவரம் கூரியர் கிடங்கில் இரவுப் பணி.
அவர் அணியில் கோல் போடுகிறவர்கள் இல்லை.
கோலுக்கு முந்தின பாஸ் தருகிறவர்களும் இல்லை.
அந்தப் பாஸுக்கும் முந்தின பாஸைத் தருகிறவர்கள்.
இந்த விளையாட்டில் அதற்குப் பேரே கிடையாது.
ஏண்ணே இவன வச்சிருக்க, என்று ஒருமுறை கேட்டேன்.
"பந்து வரதுக்கு முன்னாடி
ரெண்டு தபா தலையத் திருப்பிப் பாக்கறான்டா.
எத்தினி பேர் பாக்கறான்?"

அன்று ராத்திரி ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு
அந்த ஒருவனையே பார்த்தேன்.
திரும்புகிறான். திரும்புகிறான்.
அப்புறம்தான் பந்து வருகிறது,
வந்ததே தெரியாமல் அடுத்த காலுக்குப் போய்விடுகிறது.
அவனுக்கு இரண்டு புள்ளி.
களத்தில் நின்றதற்கு.

கடைசி இடத்துக்குக் கேலி அதிகம் வேண்டும்,
அதுதான் வழக்கம்.
இரண்டு வரி எழுதி அழித்தேன்.
பட்டியலைத் தலைகீழாய்ப் படிக்கவும் என்று எழுதினேன்.
அண்ணன் இதைப் படித்தால்
முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதையும் அழித்தேன்.
சார்ஜ் நாலு.

எட்டு: குணாளன். நூற்றெழுபது புள்ளி பின்னால்.
இந்த வாரம் புரோட்டா இவர் செலவு.

அனுப்பிய நிமிடமே பதில்:
"சரி. கோதண்டம் டம்ளரக் குட்தானா?"
திரை அணைந்தது.

டீ கிடைக்குமா பார்க்கலாமென்று இறங்கினேன்.
நெடுஞ்சாலையில் முழங்கால் தண்ணீர்,
அதில் விளக்கில்லாமல் ஒரு மாநகரப் பேருந்து.
அது கடந்த பிறகும் நின்று
இந்தப் பக்கம் ஒரு தபா பார்த்தேன்,
அந்தப் பக்கம் ஒரு தபா.